சிரங்கு: வெட்கத்தில் வளரும் நோய்

மலருக்கு ஒரு மருத்துவக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர் தொலைபேசியில் கேட்டார். "சிரங்கைப் பற்றி எழுதுகிறேன்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "டாக்டர், சர்க்கரை, ரத்தக் கொதிப்புன்னு ஏதாவது எழுதலாமே. விழா மலர்ல போய் சொறி சிரங்குன்னா..." என்று இழுத்தார்.

அவர் இழுத்ததில் தப்பில்லை. சர்க்கரை நோயைச் சபையில் சொல்லிக்கொள்ள நாம் கூச்சப்படுவதில்லை. சிலர் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறோம். சிரங்கை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சொறிகிறோம். சாத்திய அந்தக் கதவுக்குள்தான் அது ஒருவர் விடாமல் வீடு முழுக்கக் குடியேறுகிறது.

தில்லியில் முப்பது வருஷமாகச் சரும நோய் மருத்துவனாக இருக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுத அது மட்டும் காரணமல்ல. இந்த நோய் என் வீட்டுக்கே வந்தது. வந்ததைவிட, வந்தபோது நான் நடந்துகொண்ட விதம்தான் எழுதச் சொல்கிறது.

பெயரில் தொடங்கும் குழப்பம்

தமிழில் தோல் நோய்க்குப் பெயர்ப் பஞ்சமே கிடையாது. சொறி, சிரங்கு, கரப்பான், படை, தேமல் என்று பாட்டிமார்கள் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வார்கள். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு எல்லாமே 'குஜ்லி'தான். பெயர் ஒன்றாகிவிட்டால் மருந்தும் ஒன்றாகிவிடுகிறது. தொல்லை அங்கேதான் ஆரம்பம்.

படையும் தேமலும் பூஞ்சைக் கிருமியால் வருபவை. கரப்பான் பெரும்பாலும் ஒவ்வாமை சார்ந்தது, தொற்றாது. சிரங்கு இவை இரண்டிலும் சேராது. அது ஒட்டுண்ணி நோய். நம் தோலில் குடியிருந்து, நம்மையே தின்று வாழும் ஓர் உயிரினம் அதற்குக் காரணம். தலையில் வரும் பேனும் அந்த வகைதான். ஊர்வழக்கில் சீழ்ப்புண்ணையும் சிரங்கு என்பதுண்டு. இங்கே நான் சிரங்கு என்று சொல்வது டாக்டர்கள் 'ஸ்கேபிஸ்' என்று எழுதும் நோயை மட்டும்.

யார் இந்த உண்ணி?

'சார்காப்டிஸ் ஸ்கேபியை' என்பது இதன் அறிவியல் பெயர். எட்டுக் காலுள்ள, சிலந்திக்குத் தூரத்து உறவான ஓர் உண்ணி. பெண் உண்ணியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளி. பலருக்கு அதுகூடத் தெரியாது. தோலின் மேல் அடுக்கில் சிறிய சுரங்கம் தோண்டிக்கொண்டே போய், நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். மூன்று நான்கு நாளில் குஞ்சு பொரிக்கும். இரண்டு வாரத்துக்குள் குஞ்சு வளர்ந்து அதுவும் குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும்.

இவ்வளவு அரிப்புக்கும் காரணம் ஆயிரக்கணக்கான உண்ணிகள் என்று நினைக்க வேண்டாம். சாதாரணச் சிரங்கில் ஒருவர் உடம்பில் இருப்பவை மொத்தம் பத்து முதல் பதினைந்து உண்ணிகள்தான். அரிப்பைக் கிளப்புவது நம் உடம்பே. உண்ணி, அதன் முட்டை, அதன் கழிவு ஆகியவற்றுக்கு உடம்பு காட்டும் ஒவ்வாமை அது. இந்த ஒவ்வாமை கிளம்ப, முதல் தடவை நோய் தொற்றியவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரமும் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மற்றவருக்கு அவரால் நோயைக் கொடுக்க முடியும். ஏற்கெனவே ஒரு தடவை வந்தவருக்கோ ஓரிரு நாளிலேயே அரிப்பு வந்துவிடும். இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1687-இல் இத்தாலியில் போனோமோ என்ற மருத்துவர், செஸ்டோனி என்ற மருந்தாளருடன் சேர்ந்து நுண்ணோக்கியில் இந்த உண்ணியைப் பார்த்து, படம் வரைந்து வெளியிட்டார். நோய்க்குக் காரணமான உயிரை மனிதன் கண்ணால் கண்ட முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று அது. ஏழைப் பெண்கள் குழந்தைகளின் சிரங்கிலிருந்து ஊசி முனையால் எதையோ எடுப்பதைக் கவனித்துத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்தது. அப்படியும் பெரிய மருத்துவர்கள் நம்பவில்லை. சுமார் ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1834-இல் பாரிஸ் நகரில் ரெனூச்சி என்ற கோர்சிகா தீவு மாணவர் பேராசிரியர்களின் முன்னால் உண்ணியை ஊசியால் எடுத்துக் காட்டினார். அவரும் அதைத் தம் ஊர்ப் பெண்களிடம்தான் கற்றிருந்தார். வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த ஒன்றைப் படித்தவர்கள் ஒப்புக்கொள்ள அத்தனை காலம் ஆனது. இந்தச் சரித்திரத்தை நான் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது என் வீட்டிலும் நடக்கும் என்று நினைக்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

2018 நவம்பர். தீபாவளிக்கு என் மகன் வந்தான். வெளியூரில் பொறியியல் படிப்பு. ஹாஸ்டலில் ஓர் அறைக்கு நாலு பேர். பாட்டி செல்லம். வந்த பத்து நாளும் என் தாயாரின் கட்டிலில், அவர் ரஜாய்க்குள்ளேயே படுத்துக்கொண்டான். இடுப்பைச் சொறிந்தபடியே இருந்தான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, மெடிக்கல் ஷாப்ல ஒரு ட்யூப் கொடுத்தாங்க, போட்டுக்கிறேன்" என்றான். நானும் விட்டுவிட்டேன்.

டிசம்பர் பாதிக்கு மேல் அம்மாவுக்கு அரிப்பு ஆரம்பித்தது. எண்பத்திரண்டு வயது. "ராத்திரியானா உடம்பு பூரா நமநமன்னு அரிக்குதுப்பா" என்றார். தில்லிக் குளிர், வயதான தோல், வறட்சி என்று நானே முடிவு கட்டி, தேங்காய் எண்ணெயும் அரிப்பு மாத்திரையும் கொடுத்தேன். விளக்கைப் போட்டு விரல் இடுக்கைப் பார்க்கவில்லை. தினமும் எண்பது பேர் விரல் இடுக்கைப் பார்க்கிறவன், பெற்ற தாயின் கையைப் பார்க்கவில்லை.

எங்கள் வீடு மயூர் விஹாரில். ஒன்பது வருஷமாக எங்களிடம் வேலை செய்த ஓர் அம்மா, பக்கத்துத் திரிலோக்புரியிலிருந்து வருவார். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். காலையில் என் தாயாருக்கு எண்ணெய் தேய்த்து, கால் பிடித்துவிட்டு, குளிக்க வைப்பதும் அவர்தான். ஜனவரி முதல் வாரத்தில் அவர் என்னிடம் சொன்னார்: "ஐயா, பாட்டி விரல் சந்தைப் பாருங்க. பொடிப்பொடியா இருக்கு. எங்க ஊர்ல இதைச் சிரங்குன்னுவோம்."

"பாக்கறேம்மா" என்று சிரித்தேன். பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் அந்த அம்மாவே மணிக்கட்டைச் சொறிவதை என் மனைவி பார்த்துவிட்டாள். "பேரோட சொன்னாளே, அவ வீட்டுலேருந்துதாங்க வந்திருக்கு" என்றாள். மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து வேலையை விட்டு நிறுத்திவிட்டோம். மனைவி மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அவள் என்னைக் கேட்டாள், நான் தலையாட்டினேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு என் மணிக்கட்டே அரித்து என்னை எழுப்பியது. மறுநாள் ஓ.பி.யில் எனக்கு நானே உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்த்தேன். வெளிர்கோடு ஒன்று, அதன் முனையில் கருமையாய் ஒரு சிறு முக்கோணம். ஆகாயத்தில் ஜெட் விமானம் புகைக்கோடு விட்டுப் போவது மாதிரி இருக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருவேன். அதே விமானம்.

மகனுக்குப் போன் போட்டேன். "ரூம்ல நாலு பேருக்கும் செப்டம்பர்லேருந்தே இருக்குப்பா. வார்டனுக்குத் தெரிஞ்சா காலி பண்ணச் சொல்லிடுவார்னு யாரும் வாயைத் திறக்கல" என்றான்.

இப்போது அந்த ஆறு வாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தீபாவளிக்கு மகன் வந்தான். ஆறு வாரம் கழித்து டிசம்பரில் பாட்டிக்கு அரிப்பு. பாட்டிக்கு எண்ணெய் தேய்த்தவருக்குப் பொங்கலுக்கு அரிப்பு. எங்களுக்குப் பிப்ரவரியில். அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு நோயைக் கொண்டுவரவில்லை. எங்கள் வீடுதான் அவருக்குக் கொடுத்து அனுப்பியது.

அன்றிரவே வீட்டில் எல்லாரும் மருந்து போட்டுக்கொண்டோம். "அந்த அம்மாகிட்ட சொல்லணுங்க" என்றாள் மனைவி. "சொல்லலாம்" என்றேன். என்ன முகத்தோடு போவது என்று ஒரு வாரம் போயிற்று. பிறகு இன்னொரு வாரம். அப்படியே ஆறு வாரம்.

மார்ச் கடைசியில் ஓ.பி. வரிசையில் அவரே நின்றார். கையில் ஏழு வயது மகள். பெண்ணின் விரல்களில் சீழ் பிடித்த புண்கள். முகம் ஊதி, கண் பாதி மூடியிருந்தது. "ரெண்டு நாளா ஒண்ணுக்குக் கட்டங்காப்பி மாதிரி போவுதுங்க ஐயா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தோலோடு நிற்பதில்லை

அந்தக் குழந்தைக்கு வந்தது சிறுநீரக அழற்சி. சிரங்கை வெறும் அரிப்பு என்று நினைப்பவர்களுக்காக அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

சொறியச் சொறியத் தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியாக்கள் நுழைந்து சீழ் வைக்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் போய்ப் படிந்து அவற்றை வீங்கச் செய்கின்றன. புண் வந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் இது தலைகாட்டும். காலையில் முகம் வீங்குவது, சிறுநீர் குறைவது, நிறம் கறுப்பது, ரத்த அழுத்தம் ஏறுவது ஆகியவை இதன் அடையாளங்கள். பெரும்பாலான குழந்தைகள் முழுக்கக் குணமாகிவிடுவார்கள். ஆனால் எல்லாரும் அல்ல. இதே சீழ்ப்புண்களிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு.

தூக்கம் போவது வேறு கணக்கு. என் தாயார் ஏறத்தாழ இரண்டு மாதம் சரியாகத் தூங்கவில்லை. தூங்காத குழந்தை வகுப்பில் தூங்கி விழும். தூங்காத பெரியவர் வேலையில் தடுமாறுவார். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும், படுக்கையிலேயே இருக்கும் முதியவர்களுக்கும் 'பொருக்குச் சிரங்கு' என்ற கடும் வகை வரலாம். அதில் உண்ணிகள் பத்துப் பதினைந்து அல்ல, லட்சக்கணக்கில் இருக்கும்.

உலகில் எந்த நேரத்திலும் 20 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சிரங்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. புறக்கணிக்கப்பட்ட வெப்ப மண்டல நோய்களின் பட்டியலில் அந்த நிறுவனம் இதை 2017-இல்தான் சேர்த்தது. புறக்கணிப்பு என்பது அரசாங்கம் மட்டும் செய்கிற காரியமல்ல என்பது இப்போது எனக்குத் தெரியும்.

அழுக்கினால் வருவதா?

இல்லை. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். தோலோடு தோல் சிறிது நேரம் ஒட்டியிருந்தால் போதும், உண்ணி இடம் மாறும். ஒரே படுக்கை, ஒரே ரஜாய், குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது, முதியவருக்குப் பணிவிடை செய்வது, இவைதான் வழி. அன்பு காட்டும் வழியெல்லாம் அதற்கும் வழி. தினம் இருவேளை குளிப்பவர் வீட்டுக்கும் வரும். சோப்பும் தண்ணீரும் தோலுக்குள் இருக்கும் உண்ணியை ஒன்றும் செய்யாது. சுத்தமாக இருப்பவர்களுக்குப் பருக்கள் குறைவாகத் தெரிவதால் டாக்டரே ஏமாறுவார். ஏழைகளிடம் அதிகம் காண்பதற்குக் காரணம் இடநெருக்கடி. ஆறு பேர் ஓர் அறையில் படுத்தால் உண்ணிக்குப் பயணச் செலவு கிடையாது. நாய்க்கு வரும் சொறி உண்ணி வேறு வகை. மனிதர் மேல் அது நிலைத்துக் குடியிருக்காது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? அரிப்பு இரவில் அதிகமாவது. வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பொடிப்பருக்கள் இருப்பது. கைக்குழந்தைக்கு உள்ளங்கை, பாதம், தலையிலும் வரும்.

என் மகன் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ட்யூபை வரவழைத்துப் பார்த்தேன். ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அது அரிப்பை அமுக்கும், உண்ணியை விட்டுவிடும். நோயின் அடையாளங்களை மறைத்து, டாக்டரையும் குழப்பும். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. கேட்டால் கிடைக்கிறது என்பது நீங்களும் அறிந்ததே.

ஒரே இரவில், ஒரே வீடாக

மருந்து எளிது. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை இரவில் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகத்தின் அடி, மறைவிடங்கள் எதையும் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து குளிக்க வேண்டும். பெரியவர் ஒருவருக்குச் சுமார் 30 கிராம் பிடிக்கும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் தலைக்கும் முகத்துக்கும்கூடத் தடவச் சொல்வோம், கண்ணையும் வாயையும் தவிர்த்து. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கும் கர்ப்பிணிக்கும் எதைக் கொடுப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அந்தக் காலத்துக் கந்தகக் களிம்பு அவர்களுக்கு இன்றும் கைகொடுக்கிறது.

ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. கொரோனா சமயத்தில் இந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்த நோய்க்கு இதனால் பலனில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டின. சிரங்குக்கு நல்ல பலன் உண்டு. ஜப்பான் மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரில் கிடைத்த பொருளே இதன் மூலம். அதற்காக ஓமுராவும் கேம்ப்பெல்லும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். எடைக்கு ஏற்ற அளவில், ஒன்று அல்லது இரண்டு வார இடைவெளியில் இரண்டு வேளை. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வழக்கமாகக் கொடுப்பதில்லை.

முந்தைய மூன்று நாளில் உடுத்திய துணி, விரிப்பு, துண்டு ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ரஜாய் போலத் துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். மனிதத் தோல் கிடைக்காத உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. மருந்துக்குப் பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். செத்த உண்ணிக்கு உடம்பு காட்டும் கோபம் அது. மருந்து வேலை செய்யவில்லை என்று தினம் தினம் தடவித் தோலைப் புண்ணாக்கிக் கொள்ளாதீர்கள்.

இத்தனையும் செய்து ஒன்றை விட்டால் எல்லாம் வீண். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நெருங்கிப் பழகும் அத்தனை பேரும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும். ஃபிஜித் தீவுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. நோய் இருந்தவர்களுக்கும் உடனிருந்தவர்களுக்கும் மட்டும் வழக்கம்போல் களிம்பு கொடுத்த ஊர்களில், 36.6 சதவீதமாக இருந்த சிரங்கு ஒரு வருஷத்தில் 18.8 ஆகக் குறைந்தது. ஊரில் எல்லாருக்கும் சேர்த்து ஐவர்மெக்டின் கொடுத்த இடத்தில் 32.1 சதவீதம் 1.9 ஆயிற்று. ஒருவரையும் மறைக்காமல், ஒருவரையும் விடாமல் செய்ததன் பலன் அது.

அன்று மாலை

குழந்தையை வார்டில் சேர்த்துவிட்டு, அன்று மாலை மனைவியும் நானும் திரிலோக்புரிக்குப் போனோம். ஓர் அறை, அதில் ஆறு பேர். எல்லாருக்கும் மருந்து எடுத்துப் போயிருந்தோம். "இது எங்க வீட்டுலேருந்து உங்களுக்கு வந்ததும்மா. ஒன்றரை மாசமா எனக்குத் தெரியும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மருந்துப் பையை வாங்கி வைத்துக்கொண்டு, "எப்படிப் போடணும் ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

குழந்தை இரண்டு வாரத்தில் வீடு திரும்பியது. சிறுநீரையும் ரத்த அழுத்தத்தையும் ஒரு வருஷம் கண்காணித்தோம், நலமாக இருக்கிறாள். அந்த அம்மா மறுபடி எங்கள் வீட்டு வேலைக்கு வரவில்லை. கூப்பிட்டோம்; "வேற இடத்துல ஒத்துக்கிட்டேங்க" என்றார். பிப்ரவரியிலேயே நான் நாலு ட்யூபை எடுத்துக்கொண்டு நடந்து போயிருந்தால், அந்தப் பிஞ்சு விரல்களில் பெரும்பாலும் சீழ் வைத்திருக்காது.

ஊரை விட்டு வந்து வாழும் நாம் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்குகிறோம். பிள்ளைகளை ஹாஸ்டலுக்கு அனுப்புகிறோம். முதியவர்களை வேலைக்கு வருபவர் கையில் ஒப்படைக்கிறோம். இத்தனை கைகள் பட்டுத்தான் நம் குடும்பம் நடக்கிறது. ஆகவே, உங்கள் வீட்டில் யாருக்காவது இரவில் அரித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சிரங்குதான் என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்: விருந்துக்கு வந்து தங்கிப் போனவர்களுக்கு, ஹாஸ்டல் அறைத் தோழர்களின் பெற்றோருக்கு, உங்கள் வீட்டு வேலைக்கு வருபவருக்கு. வேலைக்கு வருபவருக்குச் சொல்லும்போது, அவர் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, அத்தனை பேருக்கும் மருந்தைச் சேர்த்தே வாங்கிக் கொடுங்கள்.